இரவு ரயிலில் நகையோடு போகிறோம், இரண்டு பேரும் தூங்கலாமா?

தக்கலையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் சென்னையில் அவருடைய அக்காவுக்குக் கல்யாணம். அம்மாவும் அவரும் நாகர்கோவிலில் ஏறி, ஸ்லீப்பர் கோச்சில் ஓர் இரவுப் பயணம். இரண்டு ட்ராலி, ஒரு தோள்பை, ஒரு பலகார அட்டைப்பெட்டி. தோள்பையில் 20 பவுன் நகை இருக்கிறது. சங்கிலியும் பூட்டும் வாங்கியாகிவிட்டது. "இது போதுமா? ஒருவேளை ஏதாவது போய்விட்டால் ரயில்வே பணம் தருமா?" என்று கேட்கிறார். கேள்வி பூட்டைப் பற்றியது போல இருந்தாலும், இரண்டு பேரும் கண்ணை மூடலாமா, இல்லை ஒருவர் விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டுமா என்பதுதான் அவருடைய உண்மையான கவலை என்று நினைக்கிறேன். தாராளமாகத் தூங்கலாம். ஆனால் அந்தத் தோள்பையை இப்போது இருக்கிற மாதிரி வைத்துக்கொண்டு தூங்க முடியாது.

நான் 31 வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பாஷையில் சொன்னால் டி.டி.ஆர். அதில் பெரும்பகுதி இரவு வண்டிகள்தான். பொருள் போன பிறகு ஜனங்கள் முதலில் தேடி வருவது எங்களைத்தான். அதனால் எது போகிறது, எப்படிப் போகிறது, எது போகாமல் இருக்கிறது என்று நிறையப் பார்த்திருக்கிறேன். நான் போலீஸ்காரன் இல்லை, வக்கீலும் இல்லை. சட்டம் பற்றிக் கீழே சொல்வது வேலையில் தெரிந்துகொண்ட அளவுக்குத்தான். வழக்கு என்று போனால் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

முதலில், எது திருடு போகிறது என்று பார்ப்போம். பெரிய ட்ராலி போவது நான் பார்த்த வரையில் குறைவு. போவது கைப்பை, செல்போன், கழுத்துச் சங்கிலி, லேப்டாப் இருக்கும் தோள்பை. காரணம், வண்டி நிற்கும் நேரம். வள்ளியூர், சாத்தூர் மாதிரி ஊர்களில் வண்டி ஓரிரு நிமிடம்தான் நிற்கும். மதுரை, திருச்சியில் கொஞ்சம் கூடுதல். திருடுகிறவன் அந்த நேரத்துக்குள் எடுத்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். ஓடுகிற வண்டியில் எடுத்தால் பையோடு அவனும் அதே கோச்சில் மாட்டிக்கொள்வான். அதனால் வண்டி வேகம் குறைந்து பிளாட்பாரத்துக்குள் நுழையும்போது எடுத்து, அது நின்று கிளம்புவதற்குள் கூட்டத்தோடு போய்விடுவான். 20 கிலோ ட்ராலியை சீட்டுக்கு அடியிலிருந்து இழுத்து, தூங்குகிறவர்களின் செருப்பையெல்லாம் தாண்டிக் கதவு வரைக்கும் உருட்டிக்கொண்டு போவது அவனுக்குச் சிரமம். கொக்கியில் தொங்கும் கைப்பைக்கு ஒரு மூச்சு நேரம் போதும். ஒரு பொருளை எடுக்க அந்த நிறுத்தத்தை விட அதிக நேரம் ஆகும் என்று தெரிந்தால் அவன் அடுத்த பெர்த்துக்குப் போய்விடுவான். நீங்கள் செய்ய வேண்டிய எல்லாமே அந்த நேரத்தைக் கூட்டுவதற்குத்தான்.

என் வேலைக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பல வருஷம் ஆகிவிட்டது. நம் கன்னியாகுமரி மாவட்டத்து அம்மா ஒருவர், மகள் வீட்டுக்குப் போகிறார். கீழ் பெர்த். அடியில் பெரிய சூட்கேஸ், அதற்குக் கனமான சங்கிலி, பித்தளைப் பூட்டு. நான் டிக்கெட் பார்க்கும்போதே அந்தப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். ராத்திரி இரண்டு மணி வாக்கில் ஒரு ஸ்டேஷனைத் தாண்டிய பிறகு அலறல் சத்தம் கேட்டு ஓடினேன். தலையணையாக இருந்த பை இல்லை. தூக்கத்தில் புரண்டு படுத்திருக்கிறார், தலை பையை விட்டு நழுவியிருக்கிறது, அவ்வளவுதான். நகை, செல்போன், பணம், டிக்கெட் எல்லாம் அந்த ஒரே பையில். சூட்கேஸ் சங்கிலியோடு அப்படியே இருந்தது. அதில் இருந்ததெல்லாம் சேலைகளும் முந்திரிக்கொத்தும்தான். அதன் சாவியும் போன பையில்தான் இருந்தது. எழும்பூரில் ஒரு போர்ட்டர் கல்லை வைத்துத் தட்டித்தான் அந்தப் பூட்டை உடைத்தார். அந்த அம்மா பக்கத்தில் நின்று பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நகை திரும்பக் கிடைக்கவில்லை.

அதனால் உங்களுக்கு என் முதல் யோசனை, வீட்டில் வைத்தே பொருளை மூன்றாகப் பிரித்துவிடுங்கள். போனால் போகட்டும் என்று இருக்கும் துணி, பலகாரம் எல்லாம் ட்ராலியில். ராத்திரியில் கைக்கு வேண்டிய தண்ணீர் பாட்டில், மாத்திரை, போர்வை, சில்லறை எல்லாம் தோள்பையில். போகவே கூடாதது உடம்பில். 20 பவுன் என்பது 160 கிராம். பெட்டியும் வெல்வெட்டும் இல்லாமல் வெறும் நகையாகப் பார்த்தால் இரண்டு கைக்குள் அடங்கிவிடும். நகைக்கடைப் பெட்டிகளைத் தனியாக ட்ராலியில் போடுங்கள். நகையைப் பழைய பருத்தித் துணியில் தட்டையாகச் சுற்றி, இரண்டு பொட்டலமாக்கி, ஆளுக்கொன்று உடைக்கு உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு என்று உடைக்குள் கட்டும் தட்டைப் பை விற்கிறார்கள். வீட்டில் தைக்கத் தெரிந்தால் பாவாடையின் உள்பக்கம் ஜிப் வைத்த பாக்கெட் இன்னும் நல்லது. உடைக்கு வெளியே தெரிகிற மாதிரி இடுப்பில் கட்டும் பை வேண்டாம். அது 'இங்கே இருக்கிறது' என்று ஊருக்குச் சொல்கிற மாதிரி. கிளம்பும் முன் ஒவ்வொரு நகையையும் போட்டோ எடுத்து, பில்லையும் போட்டோ எடுத்து வீட்டில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். போலீசில் எழுதிக் கொடுக்கும்போது எத்தனை பவுன், என்ன டிசைன் என்று நடுங்கிக்கொண்டே யோசிக்க வேண்டியிருக்காது.

அம்மா கழுத்திலும் காதிலும் போட்டிருப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கல்யாணத்துக்குப் போகிறோம் என்றால் வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு கிளம்புகிற வழக்கம் உண்டு. ஒரு ராத்திரிக்கு கவரிங் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தாலியைக் கழற்ற மனசு வராது, அது எனக்குப் புரிகிறது. அப்படியானால் கழுத்து வரை மூடும் ரவிக்கையோ துப்பட்டாவோ போட்டு, சங்கிலியை உள்ளே விட்டு ஒரு ஊக்கு குத்திக்கொள்ளட்டும். இன்னொன்று, வண்டியில் உட்கார்ந்து போனில் "நகையெல்லாம் பத்திரமா இருக்கு அக்கா, கவலைப்படாத" என்று சத்தமாகப் பேசுவது. இதை நான் எத்தனையோ தடவை காதால் கேட்டிருக்கிறேன். ஆறு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அது ஆறு பேருக்கும் சொன்ன தகவல். வழியில் போகிற ஏழாவது ஆளும் கேட்பான்.

அப்புறம் நீங்கள் வாங்கிய சங்கிலி. வாங்கியது நல்லதுதான், அதைச் சரியாகப் போட வேண்டும். கீழ் பெர்த்துக்கு அடியில் குனிந்து பார்த்தால், பலகையைத் தாங்கும் சட்டத்தை ஒட்டி கம்பி வளையம் இருக்கும். சாமான் கட்டுவதற்காகவே வைத்தது. சில கோச்சில் அது அறுந்தோ வளைந்தோ கிடக்கும். அப்போது பெர்த்தின் இரும்புக் காலைச் சுற்றிப் போடுங்கள். ஏணியிலோ, ஜன்னலோரம் மடக்கும் சின்ன மேஜையிலோ போடாதீர்கள். ட்ராலியின் இழுக்கும் கம்பி சில மாடல்களில் லேசாகத் திருகினால் கழன்றுவிடும். அதனால் பக்கவாட்டில் தைத்திருக்கும் கைப்பிடி வழியாகச் சங்கிலியை விட்டு, இரண்டு ட்ராலியையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுங்கள். சங்கிலி தொளதொளவென்று இருக்கக் கூடாது. நீளமாக விட்டால் பையை நடைபாதை வரை இழுத்து, உட்கார்ந்து நிதானமாக வேலை பார்க்கலாம். பூட்டு சுவர்ப் பக்கம் இருக்கட்டும். சக்கரம் உள்ளே, கைப்பிடி வெளியே என்று தள்ளாமல் திருப்பித் தள்ளினால் இழுக்க ஒரு பிடி கிடைக்காது.

ஜிப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஜிப்பின் இரண்டு இழுப்பையும் சேர்த்து ஒரு பூட்டு போட்டுவிட்டால் பை திறக்காது என்று நினைக்கிறோம். சாதாரணப் பால்பாயிண்ட் பேனா முனையை ஜிப்பின் பற்களுக்கு நடுவில் அழுத்தினால் அது வாய் பிளந்துவிடும். எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு, பூட்டோடு சேர்த்து இழுப்புகளை ஒரு தடவை அங்குமிங்கும் ஓட்டினால் ஜிப் மறுபடி மூடிக்கொள்ளும். வீட்டுக்குப் போய்த் திறக்கும் வரை உங்களுக்குத் தெரியாது. இழுப்புகளைப் பையிலேயே இருக்கும் கைப்பிடியோடோ, ட்ராலியில் பதித்திருக்கும் பூட்டுக் குழியிலோ மாட்டி, அவை நகர முடியாமல் செய்தால் திறந்தாலும் மூட முடியாது. உள்ளே கை விடுவதை இது தடுக்காது. ஆனால் திறந்த ஜிப் பார்த்தவுடனே தெரிந்துவிடும், நீங்களும் அடுத்த ஸ்டேஷனுக்குள் சொல்லிவிடலாம். துணிப் பைக்குச் சங்கிலி போடுவதால் பெரிய பயன் இல்லை, ஒரு பிளேடு போதும். அதை ட்ராலிகளுக்குப் பின்னால், சுவரை ஒட்டித் தள்ளி வையுங்கள்.

பலகாரப் பெட்டியைத் திருடன் தொடுவது அபூர்வம். அதற்கு எதிரி எலி. ஸ்லீப்பர் கோச்சில் ராத்திரி எலி ஓடுவது உண்டு. அச்சப்பமும் ஏத்தங்காய் உப்பேரியும் மட்டிப்பழமும் அட்டைப்பெட்டியில் தரையில் இருந்தால், பக்கத்தில் இருக்கும் பட்டுச்சேலைப் பையையும் சேர்த்துக் கடித்துவிடும். பலகாரத்தை எவர்சில்வர் தூக்கிலோ இறுக்கமான டப்பாவிலோ போட்டு, துணிப் பைகளிலிருந்து தள்ளி வையுங்கள்.

யார் எங்கே படுப்பது? 45 வயது தாண்டிய பெண்களுக்குக் கீழ் பெர்த் ஒதுக்க ரிசர்வேஷன் கம்ப்யூட்டரே முயலும், அதனால் அம்மாவுக்குக் கீழே கிடைக்க வாய்ப்பு அதிகம். உங்களுக்கு மேல் பெர்த் கிடைத்தால் அதை மாற்றிக்கொள்ளாதீர்கள். தோள்பையும் இரண்டு செல்போனும் மேலே உங்களோடு, உங்களுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கட்டும். பையின் பட்டையைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். மேலே ஏறி, உங்களைத் தாண்டிக் கையை நீட்டி எடுக்கத் துணிபவன் குறைவு. கீழே அம்மாவுக்கு ஜன்னல்தான் கவனிக்க வேண்டியது. ஸ்லீப்பரில் ஜன்னலுக்குக் கம்பி உண்டு, ஆனால் கை நுழையும். ஒவ்வொரு கோச்சிலும் சில ஜன்னல்கள் அவசர வழி. அவற்றில் நிலையான கம்பி கிடையாது, முழுசாகத் திறக்கும். உங்கள் ஜன்னல் அப்படிப்பட்டதா என்று ஏறியவுடன் பார்த்து, தாழ்ப்பாள் விழுந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். படுக்கும்போது ஷட்டரை இறக்கி, அதன் பிறகு தலையை ஜன்னல் பக்கம் வைத்து, காலை நடைபாதைப் பக்கம் நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள். காற்றுக்காக ஷட்டரைத் திறந்துவைத்து அதே பக்கம் தலை வைப்பதுதான் சங்கிலி பறிகொடுத்தவர்களில் பலர் செய்தது. வெக்கை தாங்காது என்றால் ஓடும்போது திறந்து, ஸ்டேஷன் வெளிச்சம் தெரிந்ததும் இறக்குங்கள். கதவை ஒட்டிய 1 முதல் 8 வரையிலான பெர்த்துகளும், கோச்சின் கடைசிப் பகுதியும் எடுத்துக்கொண்டு இறங்க வசதியானவை. கிடைத்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, கூடுதலாகக் கவனம் வேண்டும்.

ஏறும்போது நடக்கும் தள்ளுமுள்ளுவில்தான் பர்ஸும் சங்கிலியும் அதிகம் போகின்றன. நாகர்கோவில் ஜங்ஷனில் உங்கள் கோச் எங்கே நிற்கும் என்று பலகையில் பார்த்து முன்கூட்டியே அங்கே போய் நில்லுங்கள். அம்மா வெறுங்கையோடு முதலில் ஏறட்டும். நீங்கள் கீழே இருந்து ட்ராலிகளைக் கொடுத்துவிட்டு, தோள்பையை முதுகில் இல்லாமல் மார்பில் மாட்டிக்கொண்டு கடைசியில் ஏறுங்கள். "நான் தூக்கித் தரேன்மா" என்று வருகிறவர்களில் 100-க்கு 99 பேர் நல்லவர்கள்தான். ட்ராலியைக் கொடுங்கள், தோள்பையை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

மயக்க பிஸ்கட் உண்மையா என்று பலர் கேட்கிறார்கள். உண்மைதான். தூக்க மாத்திரை கலந்த டீ, ஜூஸ், பிஸ்கட் கொடுத்து எடுத்துக்கொண்டு போன வழக்குகள் நாடு முழுக்கப் பதிவாகியிருக்கின்றன. நீண்ட தூர வண்டிகளில், இரண்டு நாள் கூடவே பழகிய பிறகு கொடுப்பார்கள். நம் கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. அதில் வேலைக்குப் போகிற, ஊர் திரும்புகிற பையன்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஓர் இரவுப் பயணத்தில் அதற்கான வாய்ப்பு குறைவு, ஆனாலும் வீட்டுச் சாப்பாடும் வீட்டுத் தண்ணீரும் போதும். ஆனால் 'கோச் முழுக்க ஸ்ப்ரே அடித்து எல்லாரையும் மயக்கிவிட்டார்கள்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நான் நம்பவில்லை. என் வேலைக்காலத்தில் அப்படி நிரூபணமான ஒரு சம்பவத்தைக்கூட நான் பார்த்ததில்லை. காற்றோட்டம் உள்ள ஒரு கோச்சில் 70, 80 பேரை ஒருவன் ஒரு டப்பாவை வைத்து மயக்கிவிட்டுத் தான் மட்டும் மயங்காமல் இருப்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. அசந்து தூங்கியதற்கு ஜனங்கள் காரணம் தேடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

திருட்டு என்று எங்களிடம் வந்த புகார்களில் கணிசமானவை திருட்டே இல்லை. ஒரே மாதிரி கறுப்பு ட்ராலி நாலு பேர் வைத்திருப்பார்கள், தாம்பரத்தில் அரைத் தூக்கத்தில் இறங்குகிறவர் மாற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார். கைப்பிடியில் ஒரு சிவப்பு ரவிக்கைத் துண்டைக் கட்டி, உள்ளே மேலாக ஒரு தாளில் பெயரும் போன் நம்பரும் எழுதிப் போட்டால் இது முக்கால்வாசி தீர்ந்துவிடும். வீட்டு முகவரி எழுத வேண்டாம். கல்யாணத்துக்குப் போய்விட்ட வீடு பூட்டிக் கிடக்கிறது என்று தெரிவிப்பானேன்? வண்டியிலேயே மறந்துவிட்டு இறங்கினால் உடனே ரயில்வே உதவி எண் 139-க்குக் கூப்பிட்டு பி.என்.ஆர்., கோச், பெர்த் நம்பரைச் சொல்லுங்கள். ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்.பி.எஃப்.) ஆட்கள் அடுத்த ஸ்டேஷனில் எடுத்து வைத்துக் கொடுத்த பல சம்பவங்கள் எனக்கு நேரடியாகத் தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது போய்விட்டால்? பயணத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியதில்லை, இது நிறையப் பேருக்குத் தெரியாது. டி.டி.ஆரிடமோ கார்டிடமோ (இப்போது டிரெயின் மேனேஜர் என்கிறார்கள்) வண்டியில் வரும் போலீஸ் காவலரிடமோ எஃப்.ஐ.ஆர். படிவம் இருக்கும். அதை ஓடும் வண்டியிலேயே எழுதிக் கொடுத்தால் அடுத்து வரும் ரயில்வே போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சேரும். எந்த இடத்தில் நடந்தது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், பரவாயில்லை. எல்லை பார்க்காமல் எந்த நிலையமும் புகாரை வாங்க வேண்டும், பிறகு உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்புவார்கள். ஆர்.பி.எஃப். என்பது மத்திய அரசின் படை, ரயில்வே சொத்தையும் பயணிகளையும் காப்பது அவர்கள் வேலை. உங்கள் பொருள் திருட்டுக்கு வழக்குப் பதிவது மாநில அரசின் ரயில்வே போலீஸ். 139-இல் சொன்னால் ஆர்.பி.எஃப்.புக்குப் போகும், 1512 ரயில்வே போலீசுக்கு. எதைக் கூப்பிட்டாலும் விஷயம் நகரும், ஆனால் எஃப்.ஐ.ஆர். நகல் கையில் வாங்காமல் விடாதீர்கள். "கிடைக்காதும்மா, எதற்கு அலைகிறீர்கள்" என்று யாராவது சொன்னாலும் எழுதிக் கொடுத்துவிட்டே வாருங்கள்.

அபாயச் சங்கிலியை இழுக்கலாமா? தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தால் ரயில்வே சட்டத்தின் 141-ஆம் பிரிவில் ஒரு வருஷம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். அதை விடுங்கள், பை எப்போது போனது என்றே தெரியாதபோது இழுத்தால் வண்டி இருட்டில் நடுக்காட்டில் நிற்கும், எடுத்தவன் இன்னும் வண்டிக்குள் இருந்தால் அவன் இறங்கிப் போக அதுவே வழி. கண்ணெதிரே ஒருவன் பறித்துக்கொண்டு குதிக்கிறான் என்றால் கத்துங்கள், கூட்டத்தைக் கூப்பிடுங்கள். பின்னால் மட்டும் ஓடாதீர்கள். ஒரு செல்போனுக்காகக் கதவோரம் எட்டிப் பிடிக்கப் போய் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். செல்போன் போனால் முதலில் வேறொரு போனில் சிம்மை முடக்கி, வங்கிக்குச் சொல்லி யு.பி.ஐ.யை நிறுத்துங்கள். பிறகு போலீஸ் புகார் நகலை வைத்து மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் அந்தப் போனையே முடக்கலாம். அதற்கு ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது அந்தப் போனின் அடையாள எண் வேண்டும். இன்றைக்கே இரண்டு போனிலும் *#06# அடித்து, வரும் எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிடுங்கள்.

ரயில்வே பணம் தருமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் தராது. 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 100-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: நீங்கள் கூடவே வைத்திருக்கும் சாமானுக்கு, ரயில்வேயின் அல்லது அதன் ஊழியரின் கவனக்குறைவாலோ தவறான நடத்தையாலோதான் போனது என்று நிரூபித்தால் ஒழிய ரயில்வே பொறுப்பில்லை. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றமும் இதே வழியில் ஒரு தீர்ப்பு சொன்னது. இடுப்பில் கட்டியிருந்த ஒரு லட்சம் ரூபாயை ரயிலில் பறிகொடுத்த ஒருவருக்கு நுகர்வோர் மன்றங்கள் தரச் சொன்ன பணத்தை, இது சேவைக் குறைபாடு ஆகாது என்று ரத்து செய்துவிட்டது. இவ்வளவும் உறுதி. நிச்சயமில்லாத பகுதி ஒன்று இருக்கிறது. ரிசர்வேஷன் கோச்சில் டிக்கெட் இல்லாதவர்களை நுழையவிட்டதுதான் காரணம் என்று காட்ட முடிந்த சில வழக்குகளில் நுகர்வோர் ஆணையங்கள் நஷ்டஈடு கொடுத்திருக்கின்றன. உங்கள் வழக்கு அதில் சேருமா என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம். கோச்சில் வெளியாட்கள் நிறைந்து நடைபாதையில் படுத்திருந்தால், அப்போதே 139-இலோ ரயில்வேயின் 'ரயில் மதத்' புகார்ச் செயலியிலோ புகார் கொடுங்கள். புகார் எண் கிடைக்கும். உடனே ஆள் வந்தால் நல்லது. வராவிட்டால் அந்த எண்ணே நாளைக்கு உங்கள் சாட்சி. டி.டி.ஆருக்கு ராத்திரி பல கோச் பார்க்க வேண்டியிருக்கும். இரவு 10 மணிக்கு மேல் கோச்சுகளை இணைக்கும் கதவைச் சாத்தச் சொல்லி அவரிடம் நீங்கள் கேட்கலாம், அது அவருடைய கடமைகளில் ஒன்று.

டிக்கெட்டோடு 50 காசுக்கும் குறைவாக எடுக்கும் காப்பீடு விபத்துக்கு மட்டும், திருட்டுக்கு இல்லை. சாமானை பார்சல் ஆபீசில் புக் செய்து ரசீது வாங்கினால் பொறுப்பு ரயில்வேயுடையது. ஆனால் மதிப்பைச் சொல்லித் தனிக் கட்டணம் கட்டாவிட்டால் கிலோவுக்கு 100 ரூபாய் என்பதுதான் உச்ச வரம்பு. பாத்திரம், கட்டில் மாதிரி சீர் சாமான்களுக்கு அது சரி, நகைக்கு அந்த யோசனையே வேண்டாம். ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ இலவசம். உங்கள் சாமான் அதற்குள்தான் இருக்கும்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் நம் மாவட்டத்தாருக்காகச் சொல்லிவிடுகிறேன். குழித்துறை, இரணியல் பக்கத்திலிருந்து காலை வண்டியில் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கும் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்கும் போகிறவர்கள், ஸ்கேன் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, பணம் எல்லாவற்றையும் ஒரே மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு நெரிசலில் நிற்கிறார்கள். பணம் போனால் எப்படியாவது சமாளிக்கலாம். ரிப்போர்ட் போனால் அன்றைய வைத்தியமே தள்ளிப்போகும். எல்லாத் தாளையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பணத்தைப் பையிலிருந்து தனியாக வையுங்கள்.

சரி, இப்போது உங்கள் ராத்திரிக்கு வருகிறேன். நாகர்கோவிலிலிருந்து மதுரை வரைக்கும் எல்லாரும் விழித்திருப்பார்கள், கவலையில்லை. சாப்பிட்டு முடித்து, சங்கிலியைப் பூட்டி, கழிப்பறைக்கு ஒருவர் மாற்றி ஒருவர் போய் வந்து, மதுரை தாண்டியதும் இரண்டு பேரும் படுத்துவிடுங்கள். நகை உடம்பில் இருக்கிறது, மற்றதெல்லாம் துணி. உங்கள் போனில் திருச்சிக்கும் விழுப்புரத்துக்கும் அலாரம் வையுங்கள். இரண்டும் பெரிய ஸ்டேஷன், ஆள் ஏறி இறங்கும் இடம். வண்டி நிற்கும் அந்தச் சில நிமிடம் மட்டும் எழுந்து உட்கார்ந்து, கீழே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி படுக்கலாம். கதவோரம் யாராவது சும்மா நின்றுகொண்டிருந்தாலும், நீங்கள் விழித்திருப்பது தெரிந்தாலே போதும். செங்கல்பட்டு தாண்டியதும் ஜனங்கள் அவசரமாகச் சங்கிலியைக் கழற்றி, சாமானைக் கதவருகே அடுக்கிவிட்டுப் பல் தேய்க்கப் போவார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம், எழும்பூர் வரைக்கும் பூட்டு பூட்டாகவே இருக்கட்டும். உங்கள் வண்டி அங்கேதான் முடிகிறது என்றால் இறங்க நேரம் நிறைய இருக்கும்.

பூட்டு வாங்கும்போது இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் வந்திருக்கும். கிளம்பும் முன் அதைப் பிரித்து, ஒன்றை அம்மாவிடம் கொடுத்து முந்தானையில் முடிந்துகொள்ளச் சொல்லுங்கள், மற்றதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.